பீரோவைத் தாங்கும் பூமி

சேலத்தில் அரூர் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொள்ளுங்கள். மஞ்சவாடிக் கணவாயில் பஸ் முக்கி முனகி ஏறும்போது ஒரு பக்கம் சேர்வராயன் மலை எட்டிப் பார்க்கும். மறு பக்கம் சித்தேரி மலை. கணவாயைத் தாண்டினால் மரவள்ளிக் கொல்லைகள், தென்னைகள், புளிய மரங்கள். அவற்றுக்கு நடுவே, யாரோ கொண்டு வந்து கொட்டிவிட்டு மறந்து போனாற்போலப் பாறைக் குன்றுகள். பக்கத்தில் இருப்பவர்கள் தூங்கட்டும். வீடு கட்டும் யோசனையோ, பழைய தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடும் யோசனையோ உள்ளவர்கள் மட்டும் விழித்திருங்கள். கடைக்காரர் நாளைக்கு உங்களுக்கு விற்கப் போகிற தரை, இப்போது ஜன்னலுக்கு வெளியே மலையாக நின்று கொண்டிருக்கிறது!

அரூர் ஒரு தாலுகாவின் தலைநகர். முன்பு சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தருமபுரி தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்து கொண்டது. ரயில் ஊருக்குள் வராது. மொரப்பூரில் இறங்கித்தான் வர வேண்டும். ஆனால் சேலம், தருமபுரி, ஊத்தங்கரை, திருவண்ணாமலைச் சாலைகள் எல்லாம் இங்கே வந்து கை குலுக்குகின்றன. மஞ்சளும் பருத்தியும் இங்கே ஏலத்துக்கு வருகின்றன. புளியோ, தருமபுரிச் சீமைக்கே பேர் வாங்கிக் கொடுத்தது. மஞ்சள், புளி இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். தரை வாங்கும் கடையில் அவை நமக்குச் சாட்சி சொல்லப் போகின்றன.

ஊரைச் சுற்றிப் புது வீடுகள் எழும்பிக் கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் கிருகப்பிரவேசத்துக்கு மறுநாளே ஒரு படை வந்து இறங்குகிறது: இரும்பு பீரோ, தேக்குக் கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், காஸ் சிலிண்டர். இந்தப் படை இறங்கிய மாதத்திலேயே பல வீடுகளில் பளபளக்கும் தரையில் ஒரு கீறல், ஒரு விரிசல், மூலை உடைந்த ஒரு சதுரம். புடவை பிடிக்காவிட்டால் பெட்டிக்கு அடியில் போட்டு விடலாம். தரை பிடிக்காவிட்டால் என்ன செய்வது? இருபது வருஷம் அதன் மேல்தான் நடக்க வேண்டும். அதைத்தான் பெருக்க வேண்டும், துடைக்க வேண்டும். ஆகவே, வீட்டில் யார் தரையைத் துடைக்கிறார்களோ அவர்கள்தான் தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நியாயம் அல்லவா?

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பயப்படாதீர்கள், பால் கணக்கைவிடச் சுலபம்.

ஓர் இரும்பு பீரோ. அதில் பட்டுப் புடவைகள், பித்தளைப் பாத்திரங்கள், பத்திரங்கள், பத்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் குடியேறிய பிறகு எடை 200 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். கால் நாலு, ஒரு காலுக்கு 50 கிலோ. அந்தக் கால் ஓர் அங்குலச் சதுரம், அதாவது சுமார் 6 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டரில் 8 கிலோ அழுத்துகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் தவம் செய்தாலும், பாதம் அந்தப் பாரத்தைச் சுமார் 150 சதுர சென்டிமீட்டரில் பரப்பி விடும். சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோகூட வராது. ஆக, பீரோவின் கால் மனிதக் காலைவிட இருபது மடங்கு அழுத்துகிறது!

காஸ் சிலிண்டரைப் பாருங்கள். உள்ளே 14.2 கிலோ வாயு. ஏறக்குறைய அதே எடைக்கு இரும்பு. சுமார் 30 கிலோ. அதைத் தூக்குகிறோமா? இல்லை, சாய்த்து, அடி வளையத்தின் விளிம்பிலே உருட்டிக் கொண்டு போகிறோம். முப்பது கிலோவும் ஒரு நகத்தளவு இடத்தில் நிற்கிறது. முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினோ இன்னொரு விதம். சுழலும்போது துள்ளாமல் இருக்க அதன் வயிற்றுக்குள் கான்கிரீட் கட்டியே வைத்திருக்கிறார்கள். அது நிமிஷத்துக்கு 1,000 தடவைக்கு மேல் சுற்றித் துணி பிழியும்போது, தரைக்கு அழுத்தம் மட்டும் அல்ல, அதிர்ச்சியும் சேர்ந்து வருகிறது.

“அப்படியானால் தரை நொறுங்கித்தான் போகுமா?” என்று கேட்பீர்கள். நொறுங்காது. நல்ல கருங்கல்லைப் பொடியாக்க வேண்டுமானால் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். நம் பீரோ வெறும் 8 கிலோதானே! பின் ஏன் தரை உடைகிறது?

ஓர் அப்பளத்தை எடுத்துச் சமமான தட்டில் வைத்து விரலால் அழுத்துங்கள், ஒன்றும் ஆகாது. அதே அப்பளத்தை ஒரு டம்ளரின் வாயில் வைத்து அழுத்துங்கள். ‘படக்’ என்று போய்விடும். அப்பளம் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். அடியில் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். தரையின் ரகசியமும் இதுவே. பாரத்தால் உடைகிற தரை அபூர்வம். அடியில் உள்ள பொள்ளலால் உடைகிற தரைதான் அதிகம்.

நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது. மண் தரை வீட்டில் உரலை எங்கே வைத்தார்கள்? தரை மேலே அல்ல; தரைக்குள்ளே. உரலின் அடி பாதி மண்ணில் புதைந்திருக்கும். உலக்கை விழுகிற இடி நேரே பூமிக்குப் போய்விடும். சாணி மெழுகிய தரையில் அதனால் ஒரு வெடிப்பும் வராது. நாம் உரலை அனுப்பிவிட்டுக் கிரைண்டரைக் கொண்டு வந்தோம். பாரத்தைப் பூமியில் சேர்க்கும் யோசனையை மட்டும் மறந்து விட்டோம்.

சரி, கடைக்குப் போவோம், வாருங்கள். “அம்மா, புது டிசைன் பாருங்க!” என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்து வைப்பார். அவர் சொல்வதை எல்லாம் கேட்டுக் கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரித் துண்டு வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு மூலையில் கரைத்த புளி, மறு மூலையில் எண்ணெயில் குழைத்த மஞ்சள், நடுவில் ஒரு கரண்டித் தண்ணீர் வைத்து விடுங்கள். தண்ணீரைப் பத்து நிமிஷத்தில் துடைத்துப் பாருங்கள். ஈரத் திட்டு நின்றால் அந்தக் கல் நீர் குடிக்கிறது. புளியும் மஞ்சளும் இரவு முழுவதும் இருக்கட்டும். காலையில் துண்டே பேசும்.

சலவைக்கல் என்ன சொல்லும் தெரியுமா? “எனக்குப் புளி ஆகாது” என்று சொல்லும். சலவைக்கல் சுண்ணாம்புச் சத்தினால் ஆனது. புளிப்புப் பட்டால் அரித்துப் பளபளப்புப் போய்விடும். கடினமும் குறைவு. கடினத்துக்கு 1 முதல் 10 வரை இலக்கம் கொடுக்கும் மோஸ் அளவில் சலவைக்கல் 3. கருங்கல் 6-லிருந்து 7. பூஜை அறைக்குச் சலவைக்கல் அழகு. பீரோவும் அடுப்பும் உள்ள அறைக்கு அது ஏற்றதல்ல. கடப்பைக் கல், கோட்டாக் கல் இரண்டும் உழைப்பாளிகள்தான். ஆனால் அவையும் சுண்ணாம்பு வம்சம். புளிக் குழம்பு சிந்தினால் உடனே துடைத்து விட வேண்டும்.

ஆத்தங்குடித் தரையும் பழைய சிவப்புச் சிமெண்டுத் தரையும் கண்ணுக்கும் காலுக்கும் குளுமை. கண்ணாடிப் பலகை மேல் வர்ணம் வார்த்துக் கையாலேயே செய்கிற ஆத்தங்குடிக் கல்லுக்கு நடக்க நடக்க மெருகு ஏறும். கூடத்துக்கு வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் இரண்டும் சிமெண்டு. புளிப்பும் பீரோ இழுப்பும் தாங்கா. சிவப்புத் தரையில் விழுந்த விரிசலை ஒட்டுத் தெரியாமல் அடைக்கும் கைகள் இப்போது குறைந்து விட்டன.

மரப் பலகை மாதிரி இருக்கும் லாமினேட் தரை தண்ணீர் பட்டால் உப்பும். வினைல் விரிப்பில் பீரோவின் கால் குழி பறித்து உட்காரும். மாடிப் படிப்பறைக்கு அவை போதும்.

பாக்கி நிற்பவை இரண்டு: விட்ரிஃபைட் டைல்ஸ், கருங்கல்.

விட்ரிஃபைட் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தில் மோர்பி என்ற ஊரிலிருந்து லாரி ஏறி வருகிறது. அது மண்ணைக் கடும் சூட்டில் கண்ணாடிபோல இறுக்கிச் செய்தது. நூறு பங்கு எடைக்கு அரைப் பங்குத் தண்ணீர்கூட உள்ளே இழுக்கக் கூடாது என்பது விதி. இதில் சாதி மூன்று உண்டு. முதலாவது, மேலே மட்டும் பூச்சு ஏற்றிப் படம் அச்சடித்தது. அந்தப் பூச்சு மிக மெல்லியது. பீரோவை இழுத்தால் கீறலுக்குள் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். இரண்டாவது, ‘டபுள் சார்ஜ்’. மேல் நிறம் 3, 4 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். மூன்றாவது, ‘ஃபுல் பாடி’. மேலிருந்து அடிவரை ஒரே நிறம். கனமான சாமான் உள்ள அறைக்குக் கடைசி இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

இனி, கருங்கல். இதற்காக ஊருக்குள் நின்றால் போதாது. அரூரிலிருந்து 16 கிலோமீட்டர் போனால் தீர்த்தமலை. அடிவாரத்திலும் மலை மேலும் தீர்த்தகிரீசுவரர் கோயில். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். பாறையிலிருந்து கொட்டும் இராம தீர்த்தத்தை, இராமன் பூஜைக்காக அம்பு எய்து வரவழைத்தான் என்பது தல புராணம். காலையிலேயே ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு ஏறினால், கல் வெயிலை எப்படிக் குடித்து வைத்துக் கொள்கிறது என்று உள்ளங்கால் சொல்லும். அதுவே ஒரு பாடம்: கறுப்புக் கல்லைத் திறந்த முற்றத்திலும் மொட்டை மாடியிலும் போடாதீர்கள். நிழலில் உள்ள அறையில் அதுவே குளிர்ச்சி.

கல் எத்தனை காலம் நிற்கும் என்று பார்க்க வேண்டுமானால் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இந்தச் சீமையில் கிடைத்த நடுகற்கள் அங்கே இருக்கின்றன. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களுக்குப் பல்லவர் காலத்திலேயே நட்ட கற்கள் இந்த வட்டாரத்திலும் செங்கத்திலும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு மேல் மழையும் வெயிலும் தின்ற பிறகும் எழுத்தை வாசிக்க முடிகிறது. நம் சமையலறை அதைவிடப் பெரிய சோதனை அல்ல!

வழியில் பார்த்த சேர்வராயன் மலையின் கல்லுக்கு ஒரு வேடிக்கையான பெயர்: சார்னோக்கைட். கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் நம் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்துக் கல். அதைப் பார்த்து ஹாலந்து என்ற புவியியல் நிபுணர் 1893-இல் அந்த இனத்துக்கே சார்னோக் பெயரை வைத்துவிட்டார். கடைகளிலோ கடினமான கல் எல்லாவற்றுக்கும் ‘கிரானைட்’ என்ற ஒரே பெயர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கன்னங்கறுப்புக் ‘கிரானைட்’ உண்மையில் டோலரைட் என்ற வேறு எரிமலைக் குடும்பத்துக் கல். பெயர் எதுவானால் என்ன? புளிக்கு அசையாது, மஞ்சள் கறையும் உள்ளே இறங்காது. வெளிர் நிறக் கல்லானால் எண்ணெயைக் கொஞ்சம் குடிக்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சாதாரணக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு ஒட்டினால், கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கல்லுக்குப் பின்னால் மனிதர்களும் இருக்கிறார்கள். கல் அறுக்கும் தூசி வருஷக் கணக்கில் நெஞ்சில் படிந்தால் சிலிகோசிஸ் என்ற தீராத நுரையீரல் வியாதி வரும். உங்கள் வீட்டில் கல்லோ டைல்ஸோ அறுக்கும்போது தண்ணீர் விட்டு, வெளியே வைத்து அறுக்கச் சொல்லுங்கள். முகக் கவசம் வாங்கிக் கொடுங்கள். உங்கள் குழந்தைகளுக்கும் அது நல்லது. மலை மறுபடி முளைக்காது. ஆகவே மிஞ்சிய துண்டுகளை எறியாமல், கிரைண்டர் மேடைக்கும் சிலிண்டர் நிற்கும் மூலைக்கும் போட்டுக் கொள்ளுங்கள்.

இப்போது நிஜமான பரீட்சைக்கு வருகிறோம். கல்லை நீங்கள் தேர்ந்தெடுத்து விட்டீர்கள். தரை நிற்பதும் விழுவதும் இனிமேல் கொத்தனார் கரணையில் இருக்கிறது.

அறைக்குள் நிரப்பிய மண்ணை ஒரே தடவையில் கொட்டாமல், அடுக்கு அடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்க வேண்டும். அதன் மேல் நாலு அங்குல ஜல்லிக் கான்கிரீட். அது காயாமல் ஒரு வாரமாவது ஈரம் காட்ட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், இரண்டு மழைக் காலம் கழித்து மண் உட்காரும். வாஷிங் மெஷின் நிற்கும் இடம் முதலில் தொய்யும்.

டைல்ஸ் ஒட்டும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொள்ளுங்கள். நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து உருண்டைக் கலவை வைத்து அழுத்தினால், “நிறுத்துங்கள்!” என்று சொல்லுங்கள். அந்த ஐந்துக்கும் நடுவே உள்ளதெல்லாம் பொள்ளல்; டம்ளர் வாயில் வைத்த அப்பளம். பசை அடி முழுவதும் பரவ வேண்டும். விட்ரிஃபைட் தண்ணீர் இழுக்காது. ஆகவே வெறும் சிமெண்டுப் பால் அதை இறுகப் பிடிப்பதும் இல்லை. அதற்கென்று உள்ள டைல்ஸ் பசையைப் பல் வைத்த கரணையால் சீவிப் பரப்பி ஒட்டுவதே முறை.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், மறுபடி நம் பீரோவைப் பாருங்கள். இந்தியத் தர விதி ஐ.எஸ். 15622-இன்படி, 7.5 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்ரிஃபைட் டைல்ஸை இரண்டு ஓரத்திலும் தாங்கி நடுவில் அழுத்தினால், ஏறக்குறைய 130 கிலோ வரை உடையக் கூடாது. பீரோ சும்மா நின்றால் ஒரு காலுக்கு 50 கிலோ, தாங்கும். இடம் மாற்றும்போது சாய்ப்பீர்கள். நாலு கால் பாரமும் இரண்டு காலில் ஏறி, காலுக்கு 100 கிலோ. “ஐலேசா!” என்று ஓர் உலுக்கல். அடியில் பொள்ளல் இருந்தால் அந்த நிமிஷமே முடிந்தது கதை. அடி நிறைந்திருந்தால் ஒன்றும் ஆகாது.

சதுரங்களுக்கு நடுவே 2 மில்லிமீட்டராவது இடைவெளியும், சுவர் ஓரம் சிறிது இடமும் விடச் சொல்லுங்கள். அரூர் வெயிலில் தரை நீளும். நெருக்கி அடித்தால் ஒரு சித்திரை மத்தியானம் ‘டமார்’ என்று கூரை கட்டி எழும்பும்.

மாடி அறையானால் இன்னொரு யோசனை. வீட்டு மாடித் தளத்துக்கு ஆள், சாமான் பாரமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். இரண்டு சென்டிமீட்டர் கருங்கல் மட்டும் சதுர மீட்டருக்கு 54 கிலோ. ஒரு சென்டிமீட்டர் டைல்ஸ் அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே கீழே கல், மாடியில் டைல்ஸ் என்பது நல்ல ஏற்பாடு. மாடியில் பீரோவை அறை நடுவில் நிறுத்தாமல், கீழே சுவரோ உத்தரமோ உள்ள ஓரமாக நிறுத்துங்கள்.

குளிக்கும் அறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் பளபளப்பை மறந்து விடுங்கள். மெருகிட்ட கல் நனைந்தால் வழுக்கும். வயதான மாமியாருக்கோ தாயாருக்கோ இடுப்பெலும்பு முறிந்தால் எந்தத் தரையின் அழகும் அதற்கு ஈடாகாது. சொரசொரப்பான டைல்ஸோ, மெருகிடாத கல்லோ போதும்.

தரை போட்டுப் பத்து நாள் வரை கனமான சாமானை உள்ளே விடாதீர்கள். பீரோவை இழுக்க வேண்டி வந்தால் காலுக்கு அடியில் மடித்த கோணிச் சாக்கு. நிறுத்திய பிறகு ஒவ்வொரு காலுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகைத் துண்டு. உள்ளங்கையகலப் பலகை, நாம் போட்ட 8 கிலோக் கணக்கை ஒரு கிலோவுக்கும் கீழே இறக்கிவிடும்! துருக் கறையும் தரையில் படியாது.

கடைசியாக, கொத்தனாருக்குப் பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. ஒரு சின்ன மரக் கட்டையை எடுத்துக் கொண்டு அறை அறையாகப் போய், ஒவ்வொரு சதுரத்தின் நாலு மூலையையும் நடுவையும் தட்டுங்கள். ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. ‘டம்’ என்று பானை மாதிரிக் கேட்டால் அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பெயர்த்து ஒட்டச் சொல்லுங்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த உங்களுக்கு, இதை யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை.